வன்னியின் வறள்நிலங்களில் நாயுடன் ஒருநாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட இலங்கையின் கிளிநொச்சியிலிருந்து விடியுமுன் புறப்பட்டு, ஆனையிறவின் உப்பு வெளி, கௌதாரிமுனையின் மணற்குன்றுகள், மன்னார் வீதியோரத்து முட்பற்றைகள், வற்றிய வவுனிக்குளம் ஆகியவற்றைப் பார்த்து, மாங்குளம், முறிகண்டி வழியாக இருட்டும் வேளையில் வீடு திரும்பும் சுற்றுப் பயணம் இது. ஏறத்தாழ 200 கிலோமீற்றர் ஓட வேண்டியிருக்கும். மூன்று ஆண்டுகளாக ஒவ்வொரு கோடையிலும் எங்கள் வீட்டு நாய் கறுவலுடன் இவ்வழியே போய் வருகிறேன். அதைக் கேள்விப்பட்டவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

வன்னியில் பாலைவனம் இருக்கிறதா?

இல்லை. ஆண்டுக்கு 250 மில்லிமீற்றருக்கும் குறைவாக மழை பெறும் நிலத்தையே பொதுவாகப் பாலைவனம் என்பார்கள். இலங்கையின் மிக வறண்ட பகுதிகளில் ஒன்றான மன்னாரில்கூட ஏறத்தாழ 1000 மில்லிமீற்றர் பெய்கிறது. ஆனால் அந்த மழையின் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. சித்திரையில் விழும் சில மழைகளை விட்டால், மாசி தொடங்கிப் புரட்டாதி வரை வானம் பொய்த்தே கிடக்கும். பாலை என்பது தனியொரு நிலமன்று, முல்லையும் குறிஞ்சியும் வேனிலில் தம் இயல்பு திரிந்து அடையும் நிலையே அது என்ற பழந்தமிழ்க் கருத்து, ஓகஸ்ட் மாதத்து வன்னியைப் பார்த்தவர்களுக்கு விளக்கமின்றியே புரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வன்னியில் ஒருவரிடம் 'பாலை' என்றால் அவருடைய நினைவுக்கு வருவது மணல்வெளியன்று. வைரம் பாய்ந்த பாலை மரமும், வாயில் பிசுபிசுவென்று ஒட்டும் அதன் மஞ்சள் பழமுமே.

எந்தக் காலத்தில் போவது நல்லது?

யூலை நடுப்பகுதியிலிருந்து செப்டெம்பர் முடிவு வரை. சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்ட பின்னர் குளங்கள் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். களப்பின் ஓரங்கள் காய்ந்து வெளுத்திருக்கும். மே, யூன் மாதங்களை நான் தவிர்க்கிறேன். அது பாலைப்பழக் காலம். கரடிக்கும் அந்தப் பழம் பிடிக்கும்.

நாளைவிட நேரமே முக்கியமானது. காலை ஐந்தேகாலுக்குப் புறப்பட்டால் உப்பு வெளியில் விடியலைப் பார்க்கலாம்; எட்டு மணிக்குச் சற்றுப் பின்னர் மணற்குன்றில் நிற்கலாம்; ஒன்பதரைக்குள் நாயை வாகனத்தில் ஏற்றிவிட வேண்டும். பத்து மணிக்கும் மூன்றரை மணிக்கும் இடையில் நாய் வெறுந்தரையில் நடக்கக்கூடாது. இந்த ஒரு விதியைக் கடைப்பிடிக்க முடியாதவர்கள் நாயை வீட்டில் விட்டுவிட்டுப் போவதே நல்லது.

எந்த நாயைக் கூட்டிச்செல்லலாம்?

ஊர் நாய் என்று நாம் அலட்சியமாகச் சொல்லும் குறுமயிர் நாய்களே இந்த வெயிலுக்கு ஏற்றவை. முகம் தட்டையான இனங்கள், அடர்ந்த மயிருள்ளவை, குட்டிகள், முதிய நாய்கள், சினையாக இருப்பவை ஆகியவற்றைக் கொண்டுசெல்லக் கூடாது. கூப்பிட்டவுடன் வந்து நிற்கும் பழக்கம் நாய்க்கு இருக்க வேண்டும். இருந்தாலும் கயிற்றை அவிழ்க்கக் கூடாது. விசர் நோய்த் தடுப்பூசி அந்த ஆண்டுக்குரியதாகப் போடப்பட்டிருக்க வேண்டும், அதன் அட்டையும் கையில் இருக்க வேண்டும். வழியிலுள்ள ஒவ்வோர் ஊரிலும் கட்டாக்காலி நாய்கள் கூட்டமாக நிற்கும் என்பதால் இது வெறும் சம்பிரதாயமன்று.

ஆனையிறவில் நாயுடன் எங்கே நடப்பது?

உப்பளத்தின் பாத்திகளுக்குள் நடக்க முடியாது. அது மனிதர் உண்ணும் உப்பு விளையும் இடம். ஏ9 வீதியின் இரு பக்கமும் களப்பின் நீர் பின்வாங்கிய பிறகு மிஞ்சும் வெளியில், மீனவர்களும் வாகனங்களும் ஓடி இறுகிய தடங்கள் உண்டு. அவற்றின் மேல் மட்டுமே நடக்க வேண்டும். ஏன் 'மட்டுமே' என்பதை மிதிவெடி பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

விடியற்காலையில் அந்த வெளி சாம்பல் நிறமாகத் தெரியும். ஞாயிறு எழுந்த சில நிமிடங்களில் அது வெளுத்து, பின்னர் கண் கூசும் வெள்ளையாகிவிடும். குனிந்து பார்த்தால், மெல்லிய உப்பேடு தேன்கூட்டு அறைகளைப் போல வெடித்து, ஒவ்வொரு வெடிப்பின் விளிம்பும் விரல் நகமளவுக்கு மேலெழும்பி நிற்பது தெரியும். கறுவல் முதன்முறை அதில் கால் வைத்தபோது, அப்பளம் நொறுங்குவது போன்ற ஓசை கேட்டு, தூக்கிய காலைக் கீழே வைக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தது. ஏட்டுக்குக் கீழே கறுத்த சேறு இருக்கிறது. ஓரங்களில் சிவந்தும் பச்சையாகவும் படர்ந்திருக்கும் உமரியை அண்டிச் சேறு ஆழமாக இருக்கும். நாய் முழங்கால்வரை புதைந்துவிடும்.

இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. உப்புச் சேறு பாதத்தின் வெடிப்புகளில் புகுந்தால் எரியும். நாய் அதை நக்கும். நக்கியதால் தாகம் கூடும். தாகத்தில் பக்கத்திலுள்ள உவர்நீரைக் குடிக்கும். உவர்நீர் குடித்த நாய்க்கு வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். அளவு மிஞ்சினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே, இறங்குவதற்கு முன்னரே வயிறு நிறைய நல்ல தண்ணீர் கொடுத்து, ஏறும்போது நான்கு கால்களையும் நன்னீரால் கழுவித் துடைத்துவிட வேண்டும். இரண்டாவது, பறவைகள். பூநாரைகள் பெரும்பாலும் மாரிகாலத்தில் வருபவை என்றாலும், கோடையிலும் நாரைகளும் கொக்குகளும் மேய்ந்துகொண்டிருக்கும். அவற்றைக் கலைத்துவிட்டுப் படம் பிடிப்பது பார்வைக்கு அழகாக இருக்கலாம். எனக்கு அது பிடிப்பதில்லை.

தூரத்தில் தண்ணீர் மின்னுவது போலத் தெரியும் கானலைப் பழந்தமிழில் பேய்த்தேர் என்றார்கள். நாய் அதைப் பொருட்படுத்துவதே இல்லை. தண்ணீரை அது மூக்கால் தேடுகிறது.

கௌதாரிமுனை மணற்குன்றுகள் எப்படிப்பட்டவை?

பரந்தனிலிருந்து மேற்கே பூநகரிக்குப் போய், அங்கிருந்து களப்பை ஒட்டிய ஒடுங்கிய நிலத்தின் வழியே போக வேண்டும். சற்று முன் பார்த்த உப்பு வெளியில் ஒரு மேடுகூட இல்லை. இங்கே சமதரையைக் காண்பதே அரிது. ஆனையிறவின் தரை இறுகி ஒலிக்கும்; இங்கே காலடி ஓசை மணலுக்குள் அடங்கிவிடும். இரண்டையும் ஒரே காலையில் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

குன்றின் காற்றடிக்கும் பக்கம் சரிவு மெதுவாகவும், மறுபக்கம் செங்குத்தாகவும் இருக்கும். மே முதல் செப்டெம்பர் வரை வீசும் சோளகக் காற்று மணலை மெதுவான சரிவில் உருட்டிக்கொண்டு போய் உச்சியிலிருந்து மறுபக்கம் கொட்டுகிறது. அதனால் குன்று சிறிது சிறிதாக நகர்கிறது. இதைத் தடுத்து மணலைப் பிடித்து வைத்திருப்பவை அடம்பன் கொடியும் இராவணன் மீசை என்ற புல்லும். திரண்டால் மிடுக்கு என்று நம் பழமொழி சொல்லும் அந்த அடம்பனை வேரோடு இழுத்துப் போட்டு நாய் விளையாடுவதை அனுமதிக்காதீர்கள். இராவணன் மீசையோ தன்னைத் தானே காத்துக்கொள்ளும். அதன் ஊசி நுனிகள் நாயின் கண்ணுயரத்திலேயே நீட்டிக்கொண்டிருக்கும் என்பதால், புல் மேடுகளுக்கு நடுவே கயிற்றைக் குறுக்கிப் பிடித்து நடக்க வேண்டும்.

ஊரின் பெயரிலேயே கௌதாரி இருக்கிறது. பற்றையடியிலிருந்து அந்தப் பறவை திடீரென்று சிறகடித்து எழும்போது எவ்வளவு பழக்கிய நாயும் ஒரு கணம் தன்னை மறக்கும். கயிறு கையைவிட்டுப் போவது பெரும்பாலும் அந்தக் கணத்தில்தான்.

கடற்கரைப் பக்கம் இறங்கினால் வலையிலிருந்து கழித்துப் போட்ட மீன்கள் கிடக்கும். இரண்டாம் ஆண்டில் கறுவல் எதையோ முகர்ந்துகொண்டு நின்றதைக் கண்ட ஒரு முதியவர், வாடியின் வாசலில் இருந்தபடியே, "தம்பி, நாயைப் பிடியுங்கோ, அது பேத்தை. திண்டால் செத்துப்போகும்" என்று கத்தினார். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது, உப்பிக் காய்ந்த, உள்ளங்கையளவு மீனொன்று அதன் முன்னங்கால்களுக்கிடையில் கிடந்தது. பேத்தையின் நஞ்சு காய்ந்த பிறகும் அழிவதில்லை. திருக்கையின் வாலிலுள்ள முள்ளும் கரையில் கிடந்து காலைக் கிழிக்கக்கூடியது.

குன்றுகளுக்கு அப்பால், மண்ணித்தலையில், சோழர் காலத்தது என்று கருதப்படும் சிதைந்த சிவன் கோயிலொன்று மணலும் பற்றையுமாகக் கிடக்கிறது. நேரமிருந்தால் ஒருவர் நாயுடன் நிழலில் நிற்க, மற்றவர் போய்ப் பார்த்து வரலாம்.

மணல் சுடுகிறதா என்பதை எப்படி அறிவது?

புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் பொறுக்க முடியாவிட்டால் நாயாலும் முடியாது. தாரிடப்பட்ட வீதி மணலைவிட விரைவாகச் சூடேறும். ஏ32 வீதியில் வாகனத்தை நிறுத்தி இறங்கும்போது இதை மறந்துவிடுகிறோம். கால்களை மாற்றி மாற்றித் தூக்குவதும், கிடைத்த சிறு நிழலில் போய் நின்றுகொண்டு வர மறுப்பதும் பிடிவாதம் அல்ல.

நடுப்பகலை எங்கே கழிப்பது?

பூநகரியிலிருந்து தெற்கே மன்னாரை நோக்கிப் போகும் ஏ32 வீதியில், நாச்சிக்குடா, வெள்ளாங்குளம் வழியாக ஓடும் நேரம் இது. வீதியோரத்தில் குடை விரித்தது போன்ற உடை மரங்களும், ஒன்றோடொன்று பின்னிய முட்பற்றைகளும், இடையிடையே பனைக்கூடல்களும் மாறி மாறி வரும். இந்தப் பகுதியை வாகனத்திலிருந்தே பார்த்தால் போதும். உடை மரத்தின் வெண்முள் விரல் நீளம் இருக்கும். தரையில் நெருஞ்சி படர்ந்திருக்கும். முதலாம் ஆண்டு, 'ஐந்து நிமிடந்தானே' என்று இறக்கிவிட்டு, நான்கு பாதங்களிலிருந்தும் நெருஞ்சிமுள் எடுக்க அரைமணி நேரம் செலவிட்டேன். அதன் பிறகு இடுக்கியொன்று வாகனத்திலேயே கிடக்கிறது.

ஊர் மனைக்குள் கேட்டுக்கொண்டு ஒரு வேம்பின் அல்லது புளியின் கீழ் இரண்டு மணி நேரம் படுத்துக்கொள்வதே நல்ல வழி. வன்னியில் அப்படிக் கேட்டவரை யாரும் விரட்டுவதில்லை, தேநீர் வரும். நாயைக் கட்டிவைத்துவிட்டுக் கேட்பது மரியாதை, ஏனெனில் அந்த வீட்டில் கோழி இருக்கும்.

கண்ணாடியைச் சிறிது இறக்கிவிட்டாலும், நிறுத்திய வாகனத்துக்குள் நாயைத் தனியே விட்டுச் செல்லக் கூடாது.

வற்றிய குளத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

இந்தப் பயணத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான். வெள்ளாங்குளத்திலிருந்து கிழக்கே திரும்பித் துணுக்காய், மல்லாவிப் பக்கம் போனால், பாலியாற்றை மறித்துக் கட்டிய வவுனிக்குளம் வரும். நல்ல வறட்சி ஆண்டில், மாலை நான்கு மணிக்குக் குளக்கட்டில் ஏறி நின்றால், நடுவில் ஒரு தகடு போலத் தேங்கிய நீரும், அதைச் சுற்றி வெடித்துக் கிடக்கும் களிமண்ணும், மேலும் வெளியே மாடுகள் மேயும் புற்றரையுமாக மூன்று வளையங்கள் தெரியும். உப்பு வெளியின் வெடிப்பு தாளின் தடிப்பே கொண்டது. இங்கே வெடிப்புக்குள் முழங்கை வரை போகும். அதன் அடியில் ஈரம் இருக்கும், நாய் மூக்கை நுழைத்து அதைக் கண்டுபிடித்துவிடும்.

ஆற்றுப் படுகையின் மணலில் ஊரவர்கள் பூவல் தோண்டி நீர் எடுப்பதுண்டு. ஒரு முறை, மாடு பார்க்க வந்த சிறுவன் கையாலேயே முழங்கையாழம் தோண்டிக் காட்டினான். முதலில் மணல் கறுத்தது; பிறகு பக்கங்கள் சரிந்தன; சற்றுப் பொறுத்ததும் அடியில் ஒரு சிரட்டையளவு தெளிந்த நீர் ஊறி நின்றது. போத்தல் தண்ணீரை அதுவரை முகர்ந்தும் பாராத கறுவல் அதைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, தானே தோண்டத் தொடங்கியது.

நடுவில் மிஞ்சிய நீருக்குப் பக்கத்தில் மட்டும் போகக் கூடாது. குளம் சுருங்கும்போது முதலைகளும் அந்தச் சிறிய நீரிலேயே ஒடுங்குகின்றன. சில கரையில் வளை தோண்டிக் கிடக்கின்றன. நீர் குடிக்கக் குனிந்த நாய் முதலைக்கு எளிய இரை. நீரின் விளிம்பிலிருந்து குறைந்தது ஐம்பது அடி விலகி நடக்கிறேன். பட்டி மாடுகள் நிற்கும் பக்கமும் போவதில்லை. கன்றுடன் நிற்கும் பசு நாயைக் கண்டால் துரத்தும், நாயோ நம்மிடந்தான் ஓடிவரும்.

மிதிவெடி அபாயம் இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. போர் 2009இல் முடிந்தது. இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. பல ஊர்களில் நிலம் துப்புரவாக்கப்பட்டு மக்களிடம் திரும்பக் கொடுக்கப்பட்டுள்ளது. ஆயினும் வேலை முற்றாக முடியவில்லை. ஆனையிறவுக்கு வடக்கேயுள்ள முகமாலைப் பக்கத்தை நீண்ட காலமாகத் துப்புரவாக்கி வருகிறார்கள். மண்டையோட்டுக் குறியுள்ள சிவப்புப் பலகை, சிவப்பு நிறம் பூசிய கட்டைகள், குறுக்கே கட்டிய நாடா ஆகிய எதைக் கண்டாலும் வந்த தடத்திலேயே திரும்ப வேண்டும். பலகை இல்லாத இடம் பாதுகாப்பானது என்றும் நினைக்கக் கூடாது. ஆள் நடமாட்டமுள்ள வீதி, தோட்டம், மாட்டுத் தடம் ஆகியவற்றை விட்டு நீங்காதீர்கள். ஐயமிருந்தால் ஊரவரைக் கேளுங்கள்.

நாய்க்குப் பலகை வாசிக்கத் தெரியாது. கயிறு அவிழ்ந்து ஓடிய நாயின் பின்னால் பற்றைக்குள் ஓடும் மனிதரும் வாசிப்பதில்லை. கயிற்றைப் பற்றி நான் இவ்வளவு கண்டிப்பாக எழுதுவதற்கு முதற் காரணம் இதுதான். மோப்பம் பிடித்து வெடியைக் கண்டறியும் நாய்கள் பல மாதப் பயிற்சி பெற்றவை. நம் வீட்டு நாய் அவற்றில் ஒன்றல்ல.

யானை, பாம்பு பற்றிப் பயப்பட வேண்டுமா?

யானையைப் பற்றிப் பயப்படவே வேண்டும். நாய் குரைத்துக்கொண்டு போய் யானையைச் சீண்டிவிட்டு, பயந்து, எசமானரை நோக்கித் திரும்பி ஓடிவரும். யானை அதன் பின்னால் வரும். துணுக்காய், மாங்குளம் பக்க வீதிகளில் ஐந்தரைக்குப் பிறகு நான் எக்காரணத்துக்காகவும் இறங்குவதில்லை. பாம்புகளில், மணற்பாங்கான வறண்ட இடங்களில் சுருட்டை விரியனும், வயலோரங்களிலும் சருகிலும் புடையனும் இருக்கும். கடிபட்டால் கட்டுவதும் கீறுவதும் வேண்டாம். நாயை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு மிருக வைத்தியரிடம் ஓட வேண்டும். கிளிநொச்சியில் மிருக வைத்தியர் இருக்கிறார் என்பதையும், அவருடைய தொலைபேசி எண்ணையும் புறப்படுமுன் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அனுமதி ஏதும் பெற வேண்டுமா?

மேற்சொன்ன வழியில் நாயை நடத்தத் தனி அனுமதி தேவைப்பட்டதில்லை. ஆனால் கிழக்கே நீண்டு கிடக்கும் அழகான சுண்டிக்குளம் மணற்றிட்டை இந்தப் பயணத்தில் நான் சேர்க்காததற்குக் காரணம், 2015இல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதே. தேசியப் பூங்காக்களுக்குள் நாயைக் கொண்டுசெல்லக் கூடாது.

காட்டோரத்தில் நாயுடன் நடப்பவரை வன்னியில் முதலில் வேட்டைக்காரர் என்றே எண்ணுவார்கள். உடும்பும் பன்றியும் பிடிக்க நாய் கொண்டுபோவது பழைய வழக்கம். உடும்பு வேட்டையோ சட்டப்படி குற்றம். அதிகாரி ஒருவர் மறித்துக் கேட்டால் சினக்காமல் பதில் சொல்லுங்கள். நாயின் கழுத்துப் பட்டியும் தடுப்பூசி அட்டையும் அப்போது உதவும்.

முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் ஏ9 வீதியில் போவார் குறைவு. நாயை வாகனத்தருகே ஒருவர் பிடித்துக்கொள்ள மற்றவர் போய் வரலாம். வைரவருக்கு வாகனமே நாய்தானே என்று அங்கே வாதாட வேண்டாம். அங்கே விற்கும் உப்பிட்டு வறுத்த கச்சானை (நிலக்கடலையை) நாய்க்குக் கொடுக்காதீர்கள். அன்று முழுவதும் உப்பை அது போதுமான அளவு கண்டுவிட்டது.

தண்ணீர் எவ்வளவு வேண்டும்?

சாதாரண நாளில் ஒரு கிலோ உடல் நிறைக்கு 50 முதல் 60 மில்லிலீற்றர் வரை நாய் குடிக்கும். வெயிலில் அதைப்போல் இரண்டு மடங்கும் அதற்கு மேலும் தேவைப்படும். இருபது கிலோ நாய்க்குக் குடிக்க மட்டும் மூன்று லீற்றரும், கால் கழுவவும் உடலை நனைக்கவும் ஐந்து லீற்றரும் கொண்டுசெல்கிறேன். உணவைப் புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகச் சிறிதளவு கொடுத்து, மிச்சத்தை மாலையில் வைக்கிறேன்.

வெயில் தாக்கியதை எப்படி அறிவது, என்ன செய்வது?

நாய்க்கு வியர்வை பாதங்களில் மட்டுமே சுரக்கும். மற்றச் சூட்டையெல்லாம் அது இரைத்துத்தான் வெளியேற்ற வேண்டும். நாக்கு அகன்று கருஞ்சிவப்பாகி, இரைப்பு நிற்காமல், எச்சில் கயிறு போல ஒழுகி, நடை தள்ளாடினால் ஆபத்து தொடங்கிவிட்டது. உடல் வெப்பம் 41 பாகை செல்சியசைத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடும். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், வயிறு, தொடையிடுக்கு, பாதங்கள் ஆகியவற்றில் தண்ணீர் ஊற்றி, காற்று வீச வேண்டும். ஈரத்துணியால் போர்த்தி மூடிவிடக் கூடாது. சூடு உள்ளேயே தங்கிவிடும். மயங்கிய நாயின் வாயில் தண்ணீர் ஊற்றவும் கூடாது. சற்றுத் தெளிந்தாலும் அன்றே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

மன்னார்த் தீவை ஏன் சேர்க்கவில்லை?

ஒரே நாளில் நாய்க்கு அது மிகையாகிவிடும் என்பதால். பள்ளிமுனையின் பெருக்க மரமும், தலைமன்னாருக்கு அப்பால் கடலில் திட்டுத் திட்டாகத் தெரியும் மணலும் தனியாக ஒரு நாளுக்குரியவை. போனால், மன்னார் நகரில் சுதந்திரமாகத் திரியும் கழுதைகளிடம் நாயை நெருங்கவிடாதீர்கள், அவை உதைக்கும்.

வீடு திரும்பியதும் என்ன செய்ய வேண்டும்?

உப்பும் மணலும் போகக் குளிப்பாட்டி, விரலிடுக்கு, காதின் உட்புறம், அக்குள் ஆகிய இடங்களில் உண்ணி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பாதத்தின் தோல் உரிந்தோ வெடித்தோ இருந்தால் இரண்டு நாள் முற்றத்துக்குள்ளேயே வைத்திருங்கள்.

மாரிகாலத்தில் இதே வழியில் போகலாமா?

போகலாம், ஆனால் பார்ப்பது வேறு நிலமாக இருக்கும். மணற்குன்று மட்டும் அப்படியே நிற்கும், அடம்பன் ஊதாப் பூப் பூத்திருக்கும். ஆனையிறவில் வீதியின் இரு பக்கமும் தண்ணீர் நிற்கும். சென்ற தை மாதம் வவுனிக்குளத்துக் கட்டில் கறுவலுடன் நின்றபோது குளம் நிரம்பி வான் பாய்ந்துகொண்டிருந்தது. ஓகஸ்டில் நாங்கள் நடந்த வெடிப்பு நிலம் எந்தப் பக்கம் என்று எனக்குக் கணிக்கவே முடியவில்லை. கறுவல் கட்டிலிருந்து பாதிவரை இறங்கி, நீரின் ஓரத்தில் நின்று, மூக்கை உயர்த்திச் சற்று நேரம் முகர்ந்துவிட்டு, கால் நனைக்காமல் திரும்பி வந்தது.